ஆள் இல்லாத வீட்டிலும் கொசு இருக்கும்

காரைக்குடி வட்டாரத்தில் கொசுப்புழு ஆய்வுக்குப் போகும் எங்களைப் போன்ற சுகாதார ஆய்வாளர்களுக்குப் பெரிய தடை பூட்டுதான். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று எங்கே போனாலும் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒரு வீட்டுக்கு நாலைந்து புள்ளி, அதாவது குடும்பம், சொந்தம், சாவியோ சென்னையில் இருக்கும் ஒரு பங்காளியிடம். முன்னோருக்குப் படைப்பு, கல்யாணம் என்றால்தான் கதவு திறக்கும். போன் செய்தால், "ஆளே இல்லாத வீட்டில் யாருக்குத் தம்பி காய்ச்சல் வரப்போகுது?" என்கிறார்கள்.

பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிக்கு வரும். அடுத்த தெருப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வரும்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தெளிந்த தண்ணீர்தான் அதற்கு வேண்டும். நம் செட்டிநாட்டு வீடுகளோ மழைநீரைப் பிடிப்பதற்கென்றே கட்டியவை. நாலு பக்க ஓட்டுத் தண்ணீரும் வளவு முற்றத்தில் விழுந்து அண்டாவில் சேரும். ஆள் இருந்த காலத்தில் அந்தத் தண்ணீர் புழங்கித் தீர்ந்தது. இன்று அது அப்படியே தேங்குகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் நிம்மதியில்லை. ஓரத்தில் ஒட்டிய முட்டை பல மாதம் காய்ந்து கிடந்து, மழை பட்டதும் பொரிக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உள்பக்கத்தை நன்றாகத் தேய்க்க வேண்டும்.

"என் வீட்டுக்குள் வர நீங்கள் யார்?" என்று கேட்பவர்களும் உண்டு. இந்தக் கேள்விக்கு நம் மாகாணம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1919-இல் வந்த சென்னை விவசாயப் பூச்சி, நோய்ச் சட்டம் முதலில் வயலுக்குள் நுழைந்தது. பருத்தி எடுத்து முடிந்ததும் குறித்த தேதிக்குள் செடியைப் பிடுங்கி அழிக்கச் சொல்ல அதில் இடம் இருந்தது. ஒருவர் வயலில் விட்டுவைத்த செடியில் தங்கும் பூச்சி, அடுத்த பருவத்தில் ஊர் முழுக்கப் பருத்தியைத் தின்றுவிடும் அல்லவா? இருபது வருஷம் கழித்து, 1939-இல், சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் அதையே வீட்டுக்கும் கொண்டுவந்தது. கொசு உற்பத்தியாகும் தண்ணீரை மட்டுமல்ல, உற்பத்தியாகக்கூடிய தண்ணீரையும் அது விடவில்லை. நோயாளி வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதுதான் இதற்கு அர்த்தம். நான் இந்த வேலையை மதிப்பதே இதற்காகத்தான். காய்ச்சல் வந்தபின் மருத்துவமனை பார்த்துக்கொள்ளும். வருவதற்கு முன்னால் பார்க்க வேறு யார் இருக்கிறார்கள்?

சரி, வெளியூரில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்? ஐப்பசி மழைக்கு முன் ஒரு சாவியை ஊரில் நம்பிக்கையானவரிடம் கொடுத்து வையுங்கள். அண்டா, கிடாரம், பழைய பீங்கான் ஜாடி எல்லாவற்றையும் கவிழ்த்துவிடச் சொல்லுங்கள். மாடித் தொட்டியின் மூடி சரியாக இருக்கிறதா, ஓட்டுத் தண்ணீர் வடியும் தகரக் காலில் இலை அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாங்கட்டைத் தாண்டிய பின்கட்டையும் விட்டுவிடாதீர்கள், நாங்கள் அதிகம் புழு எடுப்பது அங்கேதான்.

அப்புறம், தொட்டியில் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்ற வரும் பணியாளரைத் தடுக்காதீர்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மிகாமல் குடிநீரிலும் அதைச் சேர்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே அனுமதித்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் அளவைக் கேளுங்கள், அவர் சொல்லுவார்.