விதைநெல்லை விற்று வாங்கும் குவார்ட்டர்பேக்

இந்த ஏப்ரலிலும் அதே போன் வந்தது. அமெரிக்கன் ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல்.-இல் அணிகள் புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்ட்டின் முதல் நாள் இரவு, மணி ஒன்பதைத் தாண்டியிருக்கும். நாங்கள் கணக்குப் போட்டுக் கொடுக்கும் ஓர் அணியின் ஆள் பேசினார். “அடுத்த வருஷத்து முதல் சுற்று வாய்ப்பைக் கொடுத்தால் எட்டு இடம் மேலே போகலாம் என்கிறார்கள். கொடுக்கலாமா? சீக்கிரம் சொல்லுங்கள், நேரம் ஓடுகிறது.” கொடுக்க வேண்டாம் என்று பிப்ரவரியிலேயே நாற்பது பக்கம் எழுதிக் கொடுத்திருந்தோம். இப்போதும் அதையே சொன்னேன். “சரி சரி, ஆனால் இந்தப் பையன் வேற மாதிரி” என்று போனை வைத்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் டிவியில் அறிவிப்பு வந்தது. அணி மேலே ஏறியிருந்தது.

என் தொழில் என்.எஃப்.எல். அணிகளுக்கு டிராஃப்ட் கணக்குப் பார்ப்பது. எந்த வீரன் நன்றாக ஆடுவான் என்று சொல்வது என் வேலை இல்லை. அதற்கு ஸ்கவுட்கள் இருக்கிறார்கள். மழையிலும் பனியிலும் கல்லூரி மைதானங்களில் நின்று பார்க்கிறவர்கள், அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. எந்த விலைக்கு மேல் போகக் கூடாது என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே பணத்தைக் கொட்டி ஒரு புது வீரனைத் தூக்க முடியாது. 32 அணிகள், ஏழு சுற்று, போன பருவத்தில் மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு. அந்த வாய்ப்புக்குப் பெயர் பிக். 1936-ல் தொடங்கிய ஏற்பாடு. வரிசையில் முன்னால் போக வேண்டுமென்றால் தன் கையிலுள்ள பிக்குகளைக் கொடுக்க வேண்டும். இந்த வருடத்தது போதாவிட்டால் வரப்போகும் வருடங்களுடையதையும் கொடுக்க வேண்டும்.

இப்படிப் பிக்குகளையோ வீரர்களையோ மாற்றிக்கொள்ளும் டிரேட் ஒன்று ஊற்றிக்கொண்டால் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: “தப்பான ஆளை எடுத்துட்டாங்க.” டிவியில் சொல்கிறார்கள், வாட்சாப்பில் சொல்கிறார்கள், ஏன், அணி அலுவலகத்துக்குள்ளேயே சொல்கிறார்கள். ஸ்கவுட் ஒருவரை வேலையை விட்டுத் தூக்கிவிட்டு, நோய் தீர்ந்தது என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். மூன்று வருடம் கழித்து அதே தவறு, வேறு ஆள். ஆள் தப்பில்லை ஐயா, விலை தப்பு. இதைப் புரியவைக்க இந்தக் கட்டுரையில் பாதியைச் செலவழிக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹெர்ஷல் வாக்கரை எடுத்துக்கொள்வோம். 1989 அக்டோபரில் டல்லஸ் கவ்பாய்ஸ் அவரை மினசோட்டா வைக்கிங்ஸுக்குக் கொடுத்தது. வாக்கர் மோசமான ஆட்டக்காரரா? அதற்கு முந்தைய பருவத்தில் பந்தை ஏந்தி 1,514 யார்டு ஓடியவர். மினசோட்டாவுக்காக இறங்கிய முதல் ஆட்டத்திலேயே 148 யார்டு. அவரைத் தேர்ந்தெடுத்த கண்ணில் குறையே இல்லை. ஆனால் அவருக்காக ஐந்து வீரர்களையும் ஒரு மூட்டை பிக்குகளையும் கொடுத்தார்கள். அதிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. போன வீரர்களின் தலையில் ஆளுக்கொரு பிக் கட்டியிருந்தது. குறித்த தேதிக்குள் டல்லஸ் அந்த ஆளை விடுவித்தால் பிக் டல்லஸுக்கு வந்து சேரும். ஆடத் தெரிந்தவனை யார் விடுவார்கள் என்று மினசோட்டா நினைத்தது. டல்லஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனுக்கு வேண்டியிருந்ததே பிக்குகள்தான். கடைசியில் 1990, 1991, 1992 மூன்று வருடத்திலும் மினசோட்டாவின் முதல் சுற்றும் இரண்டாம் சுற்றும் டல்லஸ் கைக்குப் போயின. அவற்றில் சிலவற்றை நேராகவும் சிலவற்றை மேலும் மாற்றியும் எமிட் ஸ்மித், ரஸ்ஸல் மேரிலாண்ட், டேரன் வுட்ஸன் என்று ஆள் சேர்த்தார்கள். வாக்கரை விற்ற பருவத்தில் பதினாறு ஆட்டத்தில் ஒன்றே ஒன்றை வென்ற அணி, 1992, 1993, 1995 பருவங்களில் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வென்றது. வாக்கர் இரண்டரைப் பருவம் ஆடிவிட்டு மினசோட்டாவை விட்டுப் போனார்.

பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ராபர்ட் கிரிஃபின் கதை இன்னும் தெளிவு. 2012-ல் வாஷிங்டன் அணி ஆறாவது இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்குப் போவதற்காக மூன்று முதல் சுற்றுப் பிக்குகளையும் ஓர் இரண்டாம் சுற்றையும் செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்குக் கொடுத்தது. கிரிஃபின் அந்த வருடமே தாக்குதல் ஆட்டத்தின் சிறந்த புதுமுகம் என்ற விருதை வாங்கினார். அணி தன் பிரிவில் முதலிடம். இப்போது சொல்லுங்கள், ஆள் தப்பா? 2013 ஜனவரியில் பிளேஆஃப் ஆட்டத்தில் முழங்கால் போனது, அவ்வளவுதான். ஒரு மனிதனின் முழங்கால் மூட்டின்மேல் மூன்று வருட விளைச்சலை ஏற்றி வைத்திருந்தார்கள். அதே டிராஃப்டில் நான்காம் சுற்றில் சத்தமில்லாமல் எடுத்த கர்க் கசின்ஸ்தான் பிறகு வாஷிங்டனின் குவார்ட்டர்பேக் ஆனார். 2014 டிசம்பரில் ராம்ஸ் வாஷிங்டனுக்கு ஆடப் போனபோது, அந்த டிரேடால் கிடைத்த ஆறு வீரர்களை கேப்டன்கள் என்று டாஸ் போடும் இடத்துக்கு அனுப்பியது. 24-0 என்று வென்றும் வந்தது. இந்தக் குறும்பு எனக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன். ஆனால் ராம்ஸும் அந்தப் பிக்குகளை வைத்துக் கோட்டை கட்டிவிடவில்லை. வாஷிங்டன் தோற்றுத் தோற்று அவர்களுக்குக் கொடுத்த இரண்டாவது இடத்தில் எடுத்த கிரெக் ராபின்சன் சோபிக்கவே இல்லை. ஒருவன் ஏமாந்தான் என்பதற்காக எதிரே இருப்பவன் கெட்டிக்காரன் ஆகிவிட மாட்டான்.

“அப்படியானால் நிச்சயமாகத் தெரிந்த ஆளுக்கு மட்டும் கொடுப்போம்” என்பார்கள். நிச்சயம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். கேட் மேஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு பேராசிரியர்கள் பல வருட டிராஃப்ட்களை அலசிப் பார்த்தார்கள். தேலர் 2017-ல் பொருளாதார நோபல் வாங்கியவர். முதலில் எடுத்த வீரன், அதே நிலையில் ஆட அவனுக்கு அடுத்து எடுக்கப்பட்ட வீரனைவிட நன்றாக ஆடுவதற்கு வாய்ப்பு எவ்வளவு? 52 சதவீதம். காசைச் சுண்டினால் 50. இந்த எண்ணைச் சொல்லும் ஒவ்வொரு கூட்டத்திலும் எல்லோரும் தலையாட்டுவார்கள். அப்புறம் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “பொதுவாகச் சரிதான், ஆனால் இந்தப் பையன் வேற மாதிரி” என்பார். வேற மாதிரி இல்லாத பையனை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததே இல்லை.

தொழிலில் இருப்பவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள்: அந்த ஆய்வு பழைய சம்பள முறைக் காலத்தது என்று. உண்மை. 2010-ன் முதல் பிக் சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம்; முறை மாறியபின் 2011-ன் முதல் பிக் கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கு 2.2 கோடி. மேல் பிக்குகள் மலிவாகின, அதனால் அவற்றின் மதிப்பு ஏறியது, ஒப்புக்கொள்கிறேன். சம்பளம் குறைந்ததால் யாருடைய கண்ணும் கூர்மையாகிவிடவில்லை.

சரி, விதைநெல்லுக்கு, அதாவது வரப்போகும் வருடங்களின் பிக்குகளுக்கு, வருவோம். அடுத்த வருட முதல் சுற்றுக்கு இந்த வருட இரண்டாம் சுற்றுதான் சமம் என்பது இங்கே வழக்கமான பேச்சு. ஒரு வருடம் பொறுக்க மாட்டாமல் ஒரு சுற்றையே இழப்பது. அதே பேராசிரியர்கள் இதை வட்டியாக மாற்றிப் பார்த்தபோது வருடத்துக்கு 100 சதவீதத்தைத் தாண்டியது. கந்துவட்டிக்காரனே கூசுகிற வட்டி. ஏன் கட்டுகிறார்கள்? அந்தப் பிக் வந்து சேரும் நாளில் தான் அந்த நாற்காலியில் இருப்போமா என்று வீரர்களைச் சேர்க்கும் ஜெனரல் மேனேஜருக்கோ பயிற்சியாளருக்கோ தெரியாது. 1999-ல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் பயிற்சியாளர் மைக் டிட்கா, ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஒரே ஓட்டக்காரருக்காக அந்த வருடத்து எல்லாப் பிக்குகளையும், 2000-ன் முதல் சுற்றையும் மூன்றாம் சுற்றையும் வாஷிங்டனிடம் கொடுத்தார். முழு டிராஃப்டுக்கும் அணிக்கு வந்தது ஒரே ஆள். அந்தப் பருவம் 3-13, மூன்று வெற்றி, பதின்மூன்று தோல்வி. டிட்காவின் வேலை போனது. அவர் கொடுத்த 2000-ன் முதல் சுற்று, மொத்த டிராஃப்டின் இரண்டாவது பிக்காகக் கனிந்து வாஷிங்டன் மடியில் விழுந்தபோது அவர் அங்கே இல்லை.

“எங்கள் அடுத்த வருட பிக் எப்படியும் கடைசி வரிசையில்தானே இருக்கும்” என்ற சமாதானமும் ஒவ்வொரு முறையும் வரும். கரோலினா பாந்தர்ஸைப் பாருங்கள். 2023-ல் முதல் பிக்குக்காக சிகாகோ பேர்ஸுக்கு 9-வது பிக், 61-வது பிக், 2024-ன் முதல் சுற்று, 2025-ன் இரண்டாம் சுற்று, கூடவே தங்களிடம் இருந்த நல்ல பந்து பிடிப்பவரான டி.ஜே. மூர். பிரைஸ் யங்கை எடுத்தார்கள். பருவ முடிவில் 2-15. சிகாகோவுக்குக் கொடுத்த பிக் 2024-ன் முதல் பிக் ஆனது. சிகாகோ கேலப் வில்லியம்ஸை எடுத்துக்கொண்டது. யங்குக்கு அடுத்ததாக ஹூஸ்டன் எடுத்த சி.ஜே. ஸ்ட்ரவுட் அந்த வருடச் சிறந்த புதுமுகம். நாளைக்கு யங் பெரிய ஆட்டக்காரராகலாம், ஆகட்டும், நல்ல பையன். அப்போதும் இந்த விலை சரியாகிவிடாது.

இந்த இடத்தில் யாராவது, பிறகு சூப்பர் பவுல்கள் வென்ற குவார்ட்டர்பேக் மஹோம்ஸை இழுப்பார்கள். கான்சஸ் சிட்டி 2017-ல் மேலே ஏறித்தானே மஹோம்ஸை எடுத்தது? ஆமாம். 27-லிருந்து 10-க்கு, பதினேழு இடம். கூடுதலாகக் கொடுத்தது ஒரு மூன்றாம் சுற்றும் அடுத்த வருட முதல் சுற்று ஒன்றும். ஏறவே கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? அதே இரவு சிகாகோ, மூன்றாவது இடத்திலிருந்து இரண்டாவதுக்கு, ஒரே ஒரு படி ஏற, கூடுதலாக மூன்று பிக் கொடுத்து குவார்ட்டர்பேக் மிட்செல் ட்ரூபிஸ்கியை எடுத்தது. அவர்கள் தாண்டிப்போன சான் பிரான்சிஸ்கோ அன்று எடுத்தது ஒரு தடுப்பாட்டக்காரரை. யாரிடமிருந்து காப்பாற்றிக்கொள்ள அந்த மூன்று பிக்?

பெயர்பெற்றவர்களை வாங்கும் டிரேடுகளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. இதே நோய், கூடவே சம்பளம் என்ற வயிற்றுவலி. 2022-ல் டென்வர், ரஸ்ஸல் வில்சனுக்காக சியாட்டிலுக்கு இரண்டு முதல் சுற்று, இரண்டு இரண்டாம் சுற்று, மூன்று வீரர்கள் என்று கொடுத்தது. இரண்டே பருவத்தில் அவரை விடுவித்தது. அதே வருடம் கிளீவ்லாந்து, டெஷான் வாட்சனுக்கு மூன்று முதல் சுற்றும், முழு உத்தரவாதத்தோடு 23 கோடி டாலரும் கொடுத்தது. இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் அவர்மேல் தொடுத்த வழக்குகள் டிரேடுக்கு முன்பே ஊரறிந்தவை. அதைப் பார்த்துத் தயங்காதவர்களுக்கு என் அட்டவணை எதற்கு?

இனி, இந்தத் தொழிலுக்கு வர ஆசைப்பட்டு எனக்கு எழுதும் பிள்ளைகளுக்கு. விலையை பிப்ரவரியில் எழுதுங்கள், ஏப்ரல் இரவில் எழுதாதீர்கள். “இதற்கு மேல் இல்லை” என்ற எண்ணில் ஜெனரல் மேனேஜரிடம் கையெழுத்து வாங்குங்கள், உரிமையாளரிடமும் வாங்குங்கள். கொடுக்கப்போகும் அடுத்த வருட பிக்கை முதல் பத்துக்குள் வைத்து மதிப்பிடுங்கள். அப்போதும் கொடுக்க மனம் வந்தால் கொடுங்கள். முதல் பருவத்திலேயே அவன் கால் உடைந்தால் நம்மிடம் மீதி என்ன இருக்கும் என்று ஒருவர் உரக்கக் கேட்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள், திட்டு வாங்கினால் வாங்குங்கள். ஜிம்மி ஜான்சனின் டல்லஸ் 1990-களின் தொடக்கத்தில் போட்ட மதிப்பெண் அட்டவணையை, முதல் பிக்குக்கு 3,000, 32-வதுக்கு 590 என்று போகுமே, அதை வேதம் என்று பிடித்துத் தொங்காதீர்கள். அது ஊர்ச் சந்தையில் என்ன விலை போகிறது என்று சொல்லும், சரக்கு எவ்வளவு பெறும் என்று சொல்லாது. பயிற்சியாளர் கையிலேயே ஜெனரல் மேனேஜர் சாவியையும் கொடுத்துவிட்ட அணி என்றால் இன்னும் கவனம்.

கொடுத்ததை நினைத்து ஆளை மைதானத்தில் வைத்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். இதில் சான் பிரான்சிஸ்கோவை நான் மெச்சுவேன். 2021-ல் 12-வது பிக்கோடு இன்னும் இரண்டு முதல் சுற்று, ஒரு மூன்றாம் சுற்று கொடுத்து ட்ரே லான்ஸை எடுத்தார்கள். கொள்ளை விலை. நான்கே ஆட்டத்தில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார். 2023 ஆகஸ்டில் அவரை ஒரு நான்காம் சுற்றுக்கு டல்லஸிடம் கொடுத்துவிட்டு, 2022 டிராஃப்டின் கடைசி ஆளான, 262-வதாக எடுத்த பிராக் பர்டியை ஆடவைத்து அந்தப் பருவத்திலேயே சூப்பர் பவுல் வரை போனார்கள். “பார்த்தீர்களா, ஒரு நஷ்டமும் இல்லையே” என்று இதைக் காட்டி யாரும் வாதாட வராதீர்கள். கீழே விழுந்தவன் கையில் புதையல் தட்டுப்பட்டால், விழுவது நல்ல பழக்கம் என்று ஆகாது.

ரசிகர்களிடம் எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம். உங்கள் அணி டிராஃப்ட் இரவில் கீழே இறங்கிப் பிக்குகளைச் சேர்த்துக்கொண்டால் தயவுசெய்து கூச்சல் போடாதீர்கள். “கோழைகள்” என்று நீங்கள் எழுதுவதை உரிமையாளர் படிக்கிறார். படித்துவிட்டு அடுத்த வருடம் வீரம் காட்டுகிறார்.

அந்தப் போன்காரர் மறுநாள் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். அடுத்த பிப்ரவரிக்கும் எங்கள் அறிக்கை வேண்டுமாம். ஆனால் முதல் சுற்றில்தான் பிக் இல்லையே, பக்கங்கள் குறையுமே, கட்டணத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டிருந்தார்.