சேசிஸைக் கழற்றுமுன் பெட்டியைக் கவனியுங்கள்

பழைய வால்வு ரேடியோவின் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய, கண்ணாடிக் குழாய் வால்வுகளால் இயங்கும் ரேடியோ) பெட்டியை வெறும் உறை என்று நினைத்துத்தான் பலரும் கழற்றத் தொடங்குகிறார்கள். குமிழ்களை உருவி, அடியிலிருக்கும் திருகாணிகளை எடுத்துவிட்டால் பாகங்கள் பூட்டப்பட்ட உலோகச் சட்டமான சேசிஸ் பின்பக்கமாக வெளியே வந்துவிடும். ஆனால் அந்தப் பெட்டிக்கு வேறு வேலைகளும் உண்டு. அது மின்காப்பு, ஸ்பீக்கரின் முன்னலையும் பின்னலையும் கலந்து ஒன்றையொன்று அழித்துவிடாமல் பிரிக்கும் பலகை, சில மாடல்களில் ஏரியல் சுருளே பின்மூடியில்தான் சுற்றப்பட்டிருக்கும். சேசிஸைப் பிரிப்பது என்றால் இந்த உறவுகளை ஒவ்வொன்றாக அவிழ்ப்பது.

முதலில் மின்காப்பைப் பார்ப்போம். மெயின்ஸ் (வீட்டு மின் இணைப்பு) டிரான்ஸ்பார்மர் இல்லாத ரேடியோக்களில் வால்வுகளைச் சூடாக்கும் இழைகளை வரிசையாகக் கோத்து நேரடியாக மெயின்ஸில் இணைத்திருப்பார்கள். அமெரிக்காவில் 1940களில் பரவலாக இருந்த ஐந்து வால்வு ரேடியோவில் ஒன்றுக்கு 50 வோல்ட், ஒன்றுக்கு 35, மற்ற மூன்றுக்கும் தலா 12.6, கூட்டினால் ஏறத்தாழ அந்நாட்டு மெயின்ஸ் அளவு வந்துவிடும். இத்தகைய பல ரேடியோக்களில் மெயின்ஸின் ஒரு முனை சேசிஸோடு சேர்ந்தே இருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸ் முழுவதும் மின்சாரம். குமிழின் சிறு திருகாணிக் குழியில் மெழுகு அடைத்திருப்பதைக் கண்டால் அதற்குக் காரணம் இதுதான்: விரல் அந்தத் திருகாணியைத் தொடக்கூடாது. மெழுகைச் சுரண்டித்தான் கழற்ற வேண்டும். திரும்பப் பூட்டும்போது மறக்காமல் அடைக்கவும் வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆபத்து முழுதாகப் போய்விடாது. மின்வழங்கியின் ஏற்ற இறக்கத்தைச் சீராக்க மின்னூட்டத்தைத் தேக்கும் வடிகட்டிக் கண்டென்சர்களில் 300 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். நன்றாக ஓடும் ரேடியோவை அணைத்ததும் வால்வுகளின் கேத்தோடு (எலக்ட்ரான்களை உமிழும் முனை) சில விநாடிகள் சூடாகவே இருப்பதால், தேங்கிய மின்னூட்டம் அவற்றின் வழியே வடிந்துவிடும். ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் வால்வு செத்துப்போன ரேடியோவில் அந்த வடிகால் இல்லை. ஆகவே, "பாடுகிறதா என்று பார்ப்போம்" என ஒருமுறை போட்டுப் பார்த்த பழுதான ரேடியோதான், பாடும் ரேடியோவைவிட ஆபத்தானது. 50 மைக்ரோஃபாரட் கண்டென்சரின் இரு முனைகளுக்கிடையே 10 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கிளிப் வயரால் இணைத்தால் நேர மாறிலி (வோல்ட் ஏறத்தாழ 37 சதவீதமாகக் குறைய ஆகும் நேரம்) அரை விநாடி. இரண்டரை விநாடியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே எஞ்சும். பிறகு மீட்டர் வைத்து உறுதிசெய்யுங்கள். பெரும்பாலும் இந்த முனைகள் சேசிஸின் அடிவயிற்றில்தான் இருக்கும். எனவே தூக்கும்போது விரல்கள் அடியில் போகாமல் ஓரங்களைப் பிடித்துத் தூக்கி, வேறெதையும் தொடுமுன் இதைச் செய்துவிட வேண்டும்.

அடித் திருகாணிகளைச் சுற்றியிருக்கும் ரப்பர் வாஷர்களை நின்று கவனிக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஸ்பீக்கர் அதிரும்போது பெட்டியும் அதிர்கிறது. அந்த அதிர்வு சேசிஸுக்குப் போனால் நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் டியூனிங் கண்டென்சரின் மெல்லிய தகடுகள் நடுங்கும். தகடுகளின் இடைவெளி மாறினால் அலைவெண் மாறும், ஒலியும் மாறும். அது மீண்டும் ஸ்பீக்கரை அதிரவைக்கும். இந்தச் சுழற்சி வளர்ந்து ஊளையாக முடியும். அதைத் தடுக்கத்தான் சேசிஸை ரப்பரில் மிதக்கவிட்டார்கள். பல பத்தாண்டுகளில் ரப்பர் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து கல்லாக இறுகியிருக்கும், அல்லது பிசினாக ஒட்டியிருக்கும். நெம்பாதீர்கள், மெல்லிய கத்தியால் அறுத்தெடுத்து, அதே தடிமனில் மென்மையான புது ரப்பர் வையுங்கள்.

ரப்பர் உறையிட்ட வயர்களுக்கும் இதே கதிதான். ஒருமுறை வளைத்தாலே உறை உதிரும். அதனால் ஸ்பீக்கர், மேஜிக் ஐ (டியூனிங் சரியா என்று ஒளியால் காட்டும் வால்வு), பின்மூடி ஏரியல் ஆகியவற்றுக்குப் போகும் வயர்களைப் படமெடுத்து, குறித்துவைத்து, சேசிஸை அசைப்பதற்கு முன்பே பிரித்துவிடுவது நல்லது. டியூனிங் கண்டென்சரை முழுவதும் மூடிய நிலைக்குத் திருப்புங்கள். நகரும் தகடுகள் நிலையான தகடுகளுக்குள் ஒளிந்துகொண்டால் எதிலும் இடித்து வளையாது. வால்வுக்கு மேலே பெட்டியில் சாம்பல் நிற வெப்பத்தடுப்பு அட்டை ஒட்டியிருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம்; சுரண்டவே கூடாது.

வெளியே எடுத்த சேசிஸை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும். அது கூடாது. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் ஸ்பீக்கரின் மீதே பொருத்தப்பட்ட ரேடியோக்களில், ஸ்பீக்கர் வயரைக் கழற்றினால் அவுட்புட் வால்வின் ஆனோடுக்கு (எலக்ட்ரான்களை ஏற்கும் முனை) மின்சாரம் நின்றுவிடும். அதன் ஸ்கிரீன் கிரிட் (ஆனோடுக்கு முன்னிருக்கும் கம்பிவலை) மட்டும் மின்னோட்டத்தைத் தாங்கிச் சிவக்கச் சூடேறிக் கெட்டுப்போகும். 1930களின் பல ரேடியோக்களில் ஸ்பீக்கருக்கு நிலைக்காந்தம் கிடையாது, மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகும் புலச்சுருள்தான். மின்வழங்கியின் வடிகட்டிச் சுருளும் அதுவே. அதைப் பிரித்துவிட்டு மின்சாரம் கொடுத்தால் முதல் கண்டென்சரில் சுமையே இல்லாத முழு உச்ச வோல்ட் ஏறி, அது வெடிக்கவும் கூடும். சோதனை மேசையில் சேசிஸுக்குப் பக்கத்திலேயே ஸ்பீக்கரையும் வைத்து, அதன் வயர்களை இணைத்த பிறகே பிளக்கைத் தொடுங்கள்.