நேச்சுரலிஸ்ட் – இயற்கையியலர்

செடி, பூச்சி, பறவை, விலங்கு எதுவானாலும் அது வாழும் இடத்திலேயே பார்த்து, இனம் கண்டு, குறித்து வைப்பவர் நேச்சுரலிஸ்ட். இதைச் சம்பளமின்றி, சொந்த விருப்பத்தில் செய்பவர் தன்னார்வ இயற்கையியலர். புலிகள் காப்பகத்தை ஒட்டிய விடுதிகளில் பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துப் போகும் வழிகாட்டிக்கும் இதே பெயர் உண்டு. அது வேலைப் பெயர்.

சொல்லின் வேர் லத்தீன் ‘நாத்தூரா’. பிறத்தலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. நம் ‘இயற்கை’ பிறப்பைச் சொல்லவில்லை, இயல்பைச் சொல்கிறது: இயல் + கை. ‘இயற்கைப் பொருளை இற்றெனக் கிளத்தல்’ என்பது தொல்காப்பியம். ‘இற்றென’ என்றால் இத்தன்மையது என்று. நிலம் வலிது, நீர் தண்ணிது என்று உள்ளதை உள்ளபடி சொல். மாற்றத்தைச் சொல்லும் ‘ஆயிற்று’ என்பதெல்லாம் செயற்கைப் பொருளுக்கு. சொற்றொடர் இலக்கணமாகச் சொன்னதுதான், ஆனாலும் களக்குறிப்பு எழுதுவோருக்கு இதைவிட நல்ல விதி இல்லை.

நேச்சுரலிஸ்டுக்கு ‘இயற்கை ஆர்வலர்’ என்ற வழக்கு பரவலானது. குறளில் ‘ஆர்வலர்’ அன்புடையவர். அன்பில்லாமல் இந்த வேலை நடக்காது. ஆனால் பார்த்துத் தேர்ந்த அறிவை அச்சொல் காட்டாது. அதற்கு ‘இயலர்’ வேண்டும். ‘இயற்கைவாதி’ ஒரு தத்துவக் கொள்கையாளரைக் குறித்துவிடும். ‘சூழலியலாளர்’ இகாலஜிஸ்டுக்கு உரியது.

‘இற்றென’ எழுதுவது எப்படி? ஊர் ஏரியை எடுத்துக்கொள்வோம். வாரம் ஒரு முறை, அதே கரை, ஏறக்குறைய அதே நேரம், குறைந்தது 15 நிமிடம். தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம் மூன்றையும் எழுத வேண்டும். பிறகு கண்ட பறவை எல்லாம், எண்ணிக்கையோடு. பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும் முறை இதுவே. புதியவர்கள் காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டு அரியதை மட்டும் எழுதுவார்கள். அந்தப் பட்டியலை வைத்து நாளை காகம் குறைந்ததா என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்த தவறு ஊகம். தூரத்தில் கறுப்பாக அமர்ந்திருப்பது சின்ன நீர்க்காகமா, கொண்டை நீர்க்காகமா? அலகு குட்டையாக இருந்தால் முன்னது. நீண்டு மெலிந்திருந்தால் பின்னது. அலகு தெரியாவிட்டால் ‘நீர்க்காகம், இனம் தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். அதுவும் நல்ல தரவுதான்.

கூடுள்ள மரத்தை நெருங்கக் கூடாது. தாய்ப்பறவை எழுந்தால் முட்டை வெயிலில் காயும், காகம் கொத்தும். கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு பொதுவில் பகிர்வதும் வேண்டாம்.

வாழிடத்துக்கு உதவுவதிலும் இதே கவனம் தேவை. ஏரியைச் சுத்தம் செய்கிறோம் என்று ஆகாயத்தாமரையோடு சேர்த்து அல்லியையும் வாரி எறிந்துவிடுகிறார்கள். ஆகாயத்தாமரை வெளியிலிருந்து வந்து நீரை மூடுவது, எடுக்க வேண்டியதுதான். அல்லி இலையின் மேல் நீளவால் இலைக்கோழி என்ற நீர்ப்பறவை முட்டையிடும். எனவே எதையும் பிடுங்குவதற்கு முன் இரண்டு வாரக் குறிப்பையாவது எடுத்துப் பாருங்கள்.