பல் பட்ட இடத்தைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்

சென்ற ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, பதினோரு வயதுச் சிறுவன் ஒருவனை அவனுடைய தந்தை தோளில் சாய்த்தபடி எங்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கி வந்தார். இரவு இரண்டு மணிக்கு வயிறு வலிக்கிறது என்று எழுந்தவனுக்கு ஓமத்தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். மூன்று மணிக்கு வாந்தி எடுத்த பிறகு மறுபடியும் ஓமத்தண்ணீர். நான்கரை மணிக்குத் தொண்டையை அடைக்கிறது என்றிருக்கிறான். விடிந்ததும் அருகிலிருந்த ஒரு கிளினிக்கில் வயிற்றுவலிக்கு ஊசி போட்டு, 'பையனுக்குத் தூக்கக் கலக்கம், வீட்டில் படுக்க வையுங்கள்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"தலையை ஆட்டாமல் மேலே பார், தம்பி" என்றேன். புருவங்கள் ஏறின, நெற்றியில் மூன்று கோடுகள் விழுந்தன, இமைகள் மட்டும் பாதிக் கண்ணிலேயே நின்றன. ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னேன். ஏழோடு நிறுத்திவிட்டான். "நேற்றிரவு எங்கே படுத்திருந்தான்?" என்று கேட்டதற்குத் தந்தை, "பாட்டி பக்கத்துல, தரையில பாய் போட்டுங்க" என்றார்; நான் அடுத்து என்ன சொல்லப் போகிறேன் என்பதை ஊகித்தவராக, "எதுவும் கடிக்கலைங்க டாக்டர், உடம்பு முழுக்கப் பாத்துட்டோம், ஒரு கீறல்கூட இல்லை" என்றும் சேர்த்துச் சொன்னார்.

கட்டுவிரியன் கடி. இந்த மழைக்காலத்தில் இதே வரிசையில், அதாவது வயிற்றுவலி, வாந்தி, தொண்டை அடைப்பு, 'தூக்கக் கலக்கம்' என்று, காலம் கடந்து எங்களிடம் வந்த நான்காவது நோயாளி அவன். விஷமுறிவு மருந்து கொடுத்தோம், வென்டிலேட்டரில் வைத்தோம். முடக்கம் மெல்ல விலகத் தொடங்கிய வேளையில், நுரையீரலுக்குள் இறங்கியிருந்த திரவத்தால் உண்டான நிமோனியா அவனைக் கொண்டுபோய்விட்டது. விழுங்கும் தசைகள் செயலிழந்த தொண்டையில் ஊற்றப்படும் எதுவும் எங்கே போகும் என்று இனியாவது யோசியுங்கள் என்று அந்தப் பாட்டியிடம் என்னால் சொல்ல முடியவில்லை. ஆகவேதான் இங்கே எழுதுகிறேன்.

பாம்பு கடித்தால் இரண்டு பல் தடம் இருக்கும், வலி உயிர்போகும், அந்த இடம் வீங்கிக் கறுக்கும் என்பதுதான் நம் எல்லோர் மனத்திலும் பதிந்திருக்கும் சித்திரம். அந்தச் சித்திரம் கண்ணாடி விரியனுக்குப் பொருந்தும், பெரும்பாலும் நல்ல பாம்புக்கும் பொருந்தும். கண்ணாடி விரியனின் நஞ்சு கடிபட்ட இடத்துத் தசையையும் இரத்தக் குழாய்களையும் சிதைப்பதால்தான் அங்கே வீக்கமும் வலியும் தோன்றுகின்றன. கட்டுவிரியனின் நஞ்சுக்கு அந்த வேலையில் நாட்டமே இல்லை. அது தசையைத் தொடாமல், நரம்பின் முனைக்குச் சென்று, அங்கிருந்து தசைக்குக் கட்டளை போகும் வழியை அடைக்கிறது. அதன் பற்களோ மிகச் சிறியவை. தூங்குகிறவருக்குக் கொசுவோ எறும்போ கடித்தது போலிருக்கும், அல்லது அதுவும் தெரியாது, புரண்டு படுத்துவிடுவார். எனவே தடம் இல்லை, வலி இல்லை, வீக்கம் இல்லை, இரத்தம் இல்லை. இவை நான்கும் இல்லை என்பதைக் கடிக்கவில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டுகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: இந்தப் பாம்பைப் பொறுத்தவரை இவை நான்கும் இல்லாதிருப்பதே வழக்கம். டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு பிள்ளையின் கணுக்காலில் தடம் தேடும் அரைமணி நேரத்தில் பாதித் தூரம் வந்திருக்கலாம்.

இன்னொரு சோதனையையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். மிளகைக் கடிக்கக் கொடுத்துக் காரம் தெரிகிறதா என்று கேட்பதும், வேப்பிலையை மெல்லக் கொடுத்துக் கசக்கிறதா என்று கேட்பதும் இன்றும் நடக்கின்றன. கட்டுவிரியன் கடித்தவருக்கு மிளகு காரமாகவே இருக்கும், வேம்பு கசக்கவே செய்யும். நஞ்சு முடக்குவது தசையை, நாக்கின் சுவையை அன்று. காரம் தெரிந்தது என்ற நிம்மதியில் வீட்டிலேயே படுக்க வைக்கப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மிளகே மூச்சுக்குழாயில் சிக்கியிருந்ததையும் ஒரு முறை பார்த்தேன்.

'பச்சிலையில் பிழைத்தவர்கள் எங்கள் ஊரில் பத்துப் பேர் இருக்கிறார்கள்' என்று சொல்லாதவர்கள் குறைவு. இருப்பார்கள். நம் வயல்வெளிகளில் கடிக்கும் பாம்புகளில் நஞ்சில்லாதவை ஏராளம். நஞ்சுள்ள பாம்பும் எல்லா நேரமும் நஞ்சைச் செலுத்துவதில்லை. அந்தப் பத்துப் பேரும் பச்சிலை இல்லாமலும் பிழைத்திருப்பார்கள் என்பதற்கு மேல் இதில் விவாதிக்க எனக்குப் பொறுமை இல்லை.

விஷமுறிவு மருந்தைப் பற்றி ஓரிரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்வது பயன்தரும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து இந்த மருந்தைச் செய்கிறார்கள். அந்த நஞ்சில் பெரும்பங்கு, மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நான்கு நஞ்சுக்கும் ஒரே மருந்து என்பதால், கடித்தது எந்தப் பாம்பு என்று தெரிந்தால்தான் சிகிச்சை தொடங்க முடியும் என்ற எண்ணம் தவறு. பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு வரவேண்டாம். அடிக்கப் போய்க் கடிபட்ட இரண்டாவது ஆளையும் சேர்த்துக் கொண்டுவந்த குடும்பங்கள் உண்டு. குழந்தைக்குப் பாதி மருந்து போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். பாம்பு ஆளின் எடையைப் பார்த்து நஞ்சை அளந்து விடுவதில்லை. ஆகவே பிள்ளைக்கும் பெரியவருக்கும் அளவு ஒன்றே.

இந்த மருந்து இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் நஞ்சைத்தான் பிடிக்கும். கட்டுவிரியன் நஞ்சு நரம்பு முனைக்குள் புகுந்து அதைச் சிதைத்துவிட்ட பிறகு, எத்தனை குப்பி ஏற்றினாலும் அந்த முனை உடனே திரும்பி வராது. அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வரை, நாள்கணக்கில், சில வேளைகளில் வாரக்கணக்கில், இயந்திரம்தான் மூச்சுவிட வேண்டும். இரண்டு மணிக்கு வந்தவருக்கும் ஏழு மணிக்கு வந்தவருக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனை கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் உரியது. சோப்பில் கழுவாத, உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தத்தை அசைக்காமல் வைத்துப் பார்க்க வேண்டிய அந்தச் சோதனையைப் பிளாஸ்டிக் குழாயில் செய்வது ஒரு தவறு என்றால், அது சரியாக வந்தது என்பதைக் காரணம் காட்டிக் கட்டுவிரியன் கடித்தவரை வீட்டுக்கு அனுப்புவது அதைவிடப் பெரிய தவறு. அந்த நஞ்சில் இரத்தம் ஒழுங்காகவே உறையும். ஐயம் இருந்தால் 24 மணிநேரம் வைத்துக் கவனியுங்கள். இமையை மணிக்கொரு முறை பாருங்கள். முடக்கம் தொடங்கிவிட்டால் முதல் 10 குப்பிகளை ஏற்றத் தொடங்கி, மூச்சைக் காப்பதற்கு ஆளும் கருவியும் கூட வர, மேல் சிகிச்சைக்கு அனுப்புங்கள். வெறும் பரிந்துரைச் சீட்டை நம்பி ஐம்பது கிலோமீட்டர் அனுப்பாதீர்கள். இன்னொன்று: வென்டிலேட்டரில் அசைவற்று, கண்மணி விரிந்து கிடப்பவரை மூளைச்சாவு என்று முடிவுகட்ட அவசரப்படக் கூடாது. எங்கள் வார்டில் அப்படிக் கிடந்த ஒரு பெண்மணி, மூன்றாம் நாள் வலது காலின் பெருவிரலை மட்டும் அசைத்தார். பத்தாம் நாள், தம் தலைமாட்டில் நின்று நாங்கள் பேசிக்கொண்டது முழுவதையும் திருப்பிச் சொன்னார். அன்று முதல் அந்த வார்டில் நாங்கள் பார்த்துத்தான் பேசுகிறோம்.

2017இல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் முன்னுரிமைப் பிரிவில் சேர்த்தது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், என்று 2020இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. மருத்துவமனைப் பதிவேடுகளைக் கூட்டி இந்த எண்ணை எட்டியிருக்க முடியாது. வீடு வீடாகச் சென்று, இறந்தவருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டுத்தான் அதை எட்டினார்கள். 2030க்குள் இந்த மரணங்களைப் பாதியாகக் குறைப்பதை இலக்காகக் கொண்ட தேசியச் செயல்திட்டத்தை மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு, 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ், பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. எங்கே எத்தனை கடி என்று தெரிந்தால்தான் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை குப்பி வைப்பது என்று தீர்மானிக்கலாம். ஆகவே நல்ல அறிவிப்பு. ஆனால் அந்தச் சிறுவன் எங்களிடம் வராமல் வீட்டிலேயே இறந்திருந்தால், வயிற்றுவலியில் போய்விட்டான் என்றுதான் ஊர் சொல்லியிருக்கும். எந்தப் படிவத்திலும் பாம்பு என்ற சொல் ஏறியிருக்காது.

'எல்லாப் பாம்புக்கும் புது ஊசி வந்துவிட்டதாமே' என்று வாட்ஸ்அப் செய்தியைக் காட்டிக் கேட்கிறவர்களும் இப்போது பெருகிவிட்டார்கள். ஆய்வுகள் நடக்கின்றன என்பது உண்மை. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வகத்தினரும் சேர்ந்து, பல பாம்புகளின் நரம்பு நஞ்சில் ஒரு வகையை முறிக்கும் செயற்கை எதிர்ப்பொருளை 2024இல் வெளியிட்டார்கள். அது எலிகளைக் காத்தது. மனிதருக்கான மருந்தாக அது மருந்தகத்துக்கு வரும் நாள் வரை, குதிரையின் இரத்தத்திலிருந்து வரும் பழைய மருந்துதான் உங்களுக்கும் எனக்கும்.

இனி வீட்டில் செய்ய வேண்டியவை. மழைக்காலத்தில் தரையில் படுக்காதீர்கள். கட்டில் வாங்க வசதியில்லை என்றால் கொசுவலை வாங்குங்கள். அதன் ஓரங்களைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிடுங்கள். நேபாளத்தின் தென்கிழக்குச் சமவெளியில் நடந்த ஆய்வில், கொசுவலைக்குள் தூங்கியவர்களைப் பாம்பு கடிப்பது குறைவாக இருந்தது. சுவரோரம் விறகும் செங்கல்லும் நெல் மூட்டையும் அடுக்கி, அதை ஒட்டியே குழந்தைக்குப் பாய் விரிக்காதீர்கள்: எலி வரும் இடத்துக்குப் பாம்பும் வரும். இரவில் வெளியே போகும்போது டார்ச் இல்லாமல் போகாதீர்கள்; கைப்பேசியில் விளக்கு இருக்கிறது, பாட்டுக் கேட்க மட்டும் அது இல்லை.

கடித்துவிட்டால் கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், பிளேடால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கையையோ காலையோ அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல், 108ஐ அழையுங்கள். வாகனம் வரத் தாமதமாகும் என்றால், இரு சக்கர வண்டியில் நடுவில் உட்கார வைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தாலும் சரி, புறப்பட்டுவிடுங்கள். வாந்தி எடுக்கிறவரை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வாய்வழியாக எதுவும், உங்கள் மனம் எவ்வளவு கேட்டாலும், ஒரு மிடறு தண்ணீர்கூட, கொடுக்காதீர்கள்.

தரையில் படுத்துத் தூங்கியவர் நள்ளிரவில் காரணமில்லாத வயிற்றுவலியோடு எழுந்தால், பாம்பைப் பார்த்திருக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். மருத்துவமனையில் யார் முதலில் எதிர்ப்பட்டாலும், வயிற்றுவலி என்று தொடங்காமல், 'ராத்திரி தரையில படுத்திருந்தான், இத்தனை மணிக்கு வலி வந்துச்சு' என்று தொடங்குங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.