குடியரசுத் தலைவர் தேர்தலில் நம் ஓட்டு எங்கே இருக்கிறது?

பிளஸ் டூ மாணவர்களுக்கு அரசியல் அறிவியல் நடத்துகிறேன். குடியரசுத் தலைவர் தேர்தல் பாடம் வந்தால் புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லிவிடுவேன். மூன்று பேரை வேட்பாளராக நிறுத்தி, துண்டுச் சீட்டு கொடுத்து, "ஓட்டுப் போடுங்க" என்பேன். பாதிப் பேர் டிக் அடித்துத் தருவார்கள். அத்தனையும் செல்லாது என்று தனியே எடுத்து வைப்பேன்.

உண்மைத் தேர்தலிலும் அப்படித்தான். விருப்ப வரிசையை 1, 2, 3 என எண்ணால் எழுத வேண்டும். 'ஒன்று' என எழுத்தில் எழுதினால் செல்லாது. அங்கே தரும் பேனாவால் எழுதாவிட்டாலும் செல்லாது. 2022இல் எம்.பி.க்கள் போட்டதிலேயே 15 ஓட்டுகள் செல்லாமல் போயின. சட்டம் இயற்றுகிற சபையில் இருப்பவர்கள் இப்படிக் கோட்டைவிடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது, ஏனென்றால் அது நாம் கொடுத்த ஓட்டு.

மக்கள் தேர்ந்தெடுத்த எம்.எல்.ஏ.க்களும், மக்களவை, மாநிலங்களவை இரண்டிலும் தேர்தல் மூலம் வந்த எம்.பி.க்களும்தான் இதில் வாக்காளர்கள். நியமன உறுப்பினருக்கு ஓட்டு இல்லை. "அப்போ இளையராஜா?" என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டவர் என்பதால் அவருக்கும் இல்லை.

அப்புறம், ஓட்டின் மதிப்பு. மாநிலத்தின் மக்கள்தொகையை எம்.எல்.ஏ. எண்ணிக்கையால் வகுத்து, மீண்டும் ஆயிரத்தால் வகுக்க வேண்டும். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு 176, உத்தரப் பிரதேசத்தில் 208, சிக்கிமில் 7. எல்லா எம்.எல்.ஏ.க்களின் மதிப்பையும் கூட்டி எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுத்தால் எம்.பி. ஓட்டின் மதிப்பு, 2022இல் அது 700. மாநிலங்களும் நாடாளுமன்றமும் கிட்டத்தட்ட சம எடையில் நிற்பதற்காகத்தான் இந்தக் கணக்கு.

வெற்றிக்கு, செல்லுபடியான வாக்கு மதிப்பில் பாதிக்கு மேல் வேண்டும். கிடைக்காவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளில் அடுத்த விருப்பம் யாருக்கு என்று பார்ப்பார்கள். 1969இல் தேவைப்பட்டது 4,18,169. முதல் சுற்றில் வி.வி.கிரிக்கு 4,01,515தான். இரண்டாம் விருப்பங்களைச் சேர்த்த பிறகே 4,20,077 வந்து ஜெயித்தார். இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிக் கழித்துக் காட்டும்போது, '2' என்று எழுதுவதற்கு என்ன பலம் என்று பிள்ளைகளுக்குச் சட்டெனப் புரிந்துவிடுகிறது. இன்னொன்று, இது ரகசிய வாக்கு, கட்சிக் கொறடா உத்தரவு போட முடியாது.

சரி, நான் அதிக நேரம் செலவிடும் இடம் இனிமேல்தான். அந்த 176, 1971 மக்கள்தொகையை வைத்துப் போட்டது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் அதனாலேயே பலம் இழக்கக் கூடாது என்றுதான் அப்படி நிறுத்தி வைத்தார்கள். 2026க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வெளியாகும் வரைதான் இந்த ஏற்பாடு. 1971இல் நாட்டு மக்களில் தமிழ்நாட்டின் பங்கு சுமார் 7.5 சதவீதம், 2011இல் 6 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. புதுக் கணக்கு வந்தால் 176 என்ற எண் கூடும், ஆனால் வேறு பல மாநிலங்களுக்கு இன்னும் அதிகமாகக் கூடும். எண் ஏறியும் பங்கு எப்படி இறங்கும் என்று இரண்டு மாநிலங்களை வைத்து மாணவர்களையே கணக்குப் போடச் சொல்கிறேன். அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பா அம்மாவிடம் விளக்குவதுதான் அன்றைய வீட்டுப்பாடம்.