நாய்க்கு வாங்கிய மருந்தைக் கோழிக்குக் கொடுக்கலாமா?

கொழும்பில் நாய் வளர்க்கும் வீடுகளில் உண்ணி மருந்து, சொறி மருந்து, பூச்சிக் குளிசை என்று ஏதாவது மிஞ்சி அலுமாரியில் கிடக்கும். வத்தளையிலோ தெஹிவளையிலோ பின்முற்றத்தில் நாலு முட்டைக் கோழியும் நின்று, அவை சிறகை உதறி உதறித் தம்மையே கொத்தத் தொடங்கினால் கை அந்த அலுமாரிக்குத்தான் போகிறது. "நாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பதுதான் அப்போது சொல்லப்படும் நியாயம். நாய் இடுவதை நாம் அவித்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. கோழி இடுவதைக் கொடுக்கிறோம்.

கோழிக்குள் ஒரு மஞ்சட்கரு கடைசிப் பத்து நாட்களில்தான் வேகமாகப் பெருக்கிறது. எந்த நாளில் பார்த்தாலும் பெரிதும் சிறிதுமாகப் பல கருக்கள் வரிசையில் வளர்ந்துகொண்டிருக்கும். கொழுப்பில் கரையும் மருந்து இன்று உடம்பில் ஏறினால் அந்த வரிசை முழுவதிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் படியும். மருந்தை நிறுத்திய பிறகும் முட்டையில் அது தொடர்ந்து வருவது இதனால்தான். 2017இல் நெதர்லாந்து, பெல்ஜியம் பண்ணைகளில் செள்ளுக்கு அடித்த மருந்தில் பிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது தெரியவந்து, ஐரோப்பா எங்கும் இலட்சக்கணக்கான முட்டைகள் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. நாயின் பிடரியில் விடும் துளிமருந்துகள் பலவற்றில் இருப்பதும் அதே பிப்ரோனில்தான். அதைக் கோழிக்கு விடவே கூடாது.

ஆகவே முதலில் பெட்டியைத் திருப்புங்கள். முன்பக்கத்தில் பெரிதாக இருப்பது கம்பனி வைத்த பெயர். அதற்குள் இருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். எந்த விலங்குகளுக்கு என்ற வரியில் கோழி இருக்கிறதா? இருந்தாலும், மனிதர் உண்ணும் முட்டை இடும் கோழிக்குக் கூடாது என்று வேறொரு வரி இருக்கலாம். இறைச்சிக் கோழிக்கு அனுமதித்த மருந்துகள் பல முட்டைக் கோழிக்கு விலக்கப்பட்டவை. கோழி என்ற சொல்லே இல்லையென்றால் மருந்தை மூடி வைத்துவிட்டு மிருக வைத்தியரைக் கேளுங்கள்.

அடுத்தது செறிவு. பெரும்பாலான விபத்துகள் இங்கேதான் நடக்கின்றன. 1% ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து என்றால் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் கொடுக்கும்படி வைத்தியர் சொன்னால், ஒன்றரைக் கிலோக் கோழிக்கு 0.3 மில்லிகிராம், அதாவது 0.03 மில்லி. 1 மில்லி சிரிஞ்சில் அது மூன்று சிறு கோடுகள். வீட்டில் கிடக்கும் 3 மில்லி சிரிஞ்சில் அதே மூன்று சிறு கோடுகள் 0.3 மில்லி, பத்து மடங்கு. கோழி தலை தொங்கி, கால் தள்ளாடி, எழும்ப முடியாமல் கிடப்பதற்கு இந்தக் கோட்டுக் குழப்பமே போதும். நிறையைக் கண்மட்டத்தில் சொல்லவும் வேண்டாம். கோழியைக் காட்போட் பெட்டியில் வைத்து நிறுத்து, வெறும் பெட்டியின் நிறையைக் கழியுங்கள்.

குளிசையை உடைத்துக் கொடுப்பது இதைவிட மோசம். உண்ணிக்கு நாய் மென்று தின்னும் புளூராலனர் குளிசை, 10 முதல் 20 கிலோ வரையான நாய்க்கு 500 மில்லிகிராம். அதே மருந்து கோழிச்செள்ளுக்கென்று குடிநீரில் கலக்கும் திரவமாக 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது. அங்கு அளவு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், ஏழு நாள் இடைவெளியில் இரண்டு முறை. ஒன்றரைக் கிலோக் கோழிக்கு 0.75 மில்லிகிராம்தான் சேரும். ஒரு நாய்க் குளிசைக்குள் அறுநூறு கோழிகளுக்கு மேலான அளவு அடங்கியிருக்கிறது. அதில் கிள்ளும் துணுக்கில் எவ்வளவு வந்தது என்று எந்தக் கத்தியாலும் சொல்ல முடியாது.

சில மருந்துகளில் அளவைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. மெட்ரோனிடசோல், குளோரம்பெனிக்கோல் என்ற கிருமி எதிர்ப்பு மருந்துகள் இரண்டையும் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுப்பதைப் பல நாடுகள் தடை செய்திருக்கின்றன. நாய்க்கோ பூனைக்கோ தந்த கண் களிம்பில் பின்னது இருக்கக்கூடும், பாருங்கள். காயக் களிம்பில் பென்சோகெயின் போன்ற மரப்பு மருந்து இருந்தாலும் பூச வேண்டாம். பறவைகளுக்கு அது எளிதில் நஞ்சாகும். பூச்சிக்குக் கொடுக்கும் பென்பெண்டசோல் கோழிக்கும் உள்ள மருந்துதான், ஆனால் இறகு உதிர்த்து முளைக்கும் காலத்தில் கொடுத்தால் புது இறகு கோணலாக முளைக்கும்.

மருந்து தேடுமுன் இரவில் ஒருமுறை டோர்ச் அடித்துப் பாருங்கள். சிவப்புச் செள் பகலில் கோழியின் மேல் இருக்காது. கூட்டுப் பலகை இடுக்கிலும் கோழி ஏறி நிற்கும் தடியின் அடியிலும் ஒளிந்திருந்து, இருட்டியதும் வந்து இரத்தம் குடிக்கும். அப்படியென்றால் முதல் வேலை கூட்டைப் பிரித்துக் கழுவிக் காயவைப்பது. பேன் என்றால் ஆசனவாயைச் சுற்றிய இறகடியில் ஈர் கொத்தாக ஒட்டியிருக்கும்.

துளிமருந்தை ஏற்கெனவே விட்டாயிற்றா? கையுறை போட்டு, பாத்திரம் கழுவும் சோப்பை இளஞ்சூட்டு நீரில் கலந்து அந்த இடத்தைக் கழுவுங்கள். துடைத்து, காற்றுப்படாத இடத்தில் வைத்து உலர்த்துங்கள். மருந்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். முட்டையை எத்தனை நாள் ஒதுக்குவது என்பதை அவரிடம் கேட்டு, எழுதியே வாங்குங்கள். அவித்தால், பொரித்தால் மருந்து போய்விடும் என்று நம்ப முடியாது. அதுவரை வரும் முட்டை ஒவ்வொன்றிலும் பென்சிலால் திகதி எழுதி வீட்டாரின் முட்டைகளோடு சேராமல் வையுங்கள். பிறகு அவற்றை நாய்க்கோ மற்றக் கோழிகளுக்கோ போடாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.