சொல் விளக்கம்: ஸ்பான்சர்

ஏழாம் பருவம் முடியும் சமயத்தில் சேலத்துப் பொறியியல் கல்லூரி எதற்குள் போனாலும் காதில் விழும் கேள்வி, “ஸ்பான்சர் கிடைச்சாச்சா?” என்பது. என்ன கிடைத்தது என்று தோண்டிக் கேட்டால்தான் விவரம் வரும். இறுதியாண்டு புராஜெக்ட் செய்யும் ஒரு குழுவுக்குப் பத்தாயிரம் ரூபாய், இன்னொன்றுக்கு நாலு பைப், அடுத்ததற்கு லேத்தில் இரண்டு மணி நேரம், கடைசிக் குழுவுக்கு வெறும் லெட்டர்பேட் கடிதம். நாலுக்கும் ஒரே சொல்!

சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘ஸ்போன்தேரே’ என்றால் முறைப்படி வாக்குக் கொடுத்தல். உரோமச் சட்டத்தில் ‘ஸ்போன்சோர்’ என்பவர் அடுத்தவர் கடனுக்குப் பிணை நின்றவர். பிறகு தேவாலயத்துக்குப் போய், ஞானஸ்நானத்தில் குழந்தைக்காக வாக்களிக்கும் ஞானத்தந்தையையும் ஞானத்தாயையும் குறித்தது. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலும் அதே பொருள்தான். காசு கொடுத்துத் தன் பெயரைச் சொல்ல வைப்பவர் என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டில் வானொலி விளம்பரத்தோடு ஒட்டிக்கொண்டது. ரெஸ்பான்ஸ், ஸ்பவுஸ் ஆகியவையும் இதே வேரில் கிளைத்தவை. பணம் என்ற பொருள் வேரில் இல்லை, பொறுப்பு இருக்கிறது.

தமிழில் ‘புரவலர்’ என்று எழுதுகிறார்கள். புரத்தல் என்றால் காத்தல். இரவலர், புரவலர் என்று இணையாகச் சங்கப் பாட்டிலேயே வரும் சொல். கொல்லிமலை ஓரி புரவலன். ஆனால் வண்டிப் பக்கவாட்டில் 30 செ.மீ. ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லி, அது ஒட்டிய படத்தையும் அனுப்பச் சொல்லும் கம்பெனிக்கு அந்தச் சொல் பெரிய சட்டை. இலங்கைத் தமிழர் வழங்கும் ‘அனுசரணையாளர்’ இங்கே பொருந்தும். அரசு மன்றங்கள் மாணவர் திட்டத்துக்குத் தருவது ‘நல்கை’. மானியம் என்றாலும் சரி. பொருளாகத் தந்தால் ‘உபயம்’. வடமொழியில் இரண்டு என்ற பொருளுடைய சொல், நம் கோயில் வழக்கில் காணிக்கைப் பொருளாகிவிட்டது. வெளிச்சம் வராத அளவுக்குப் பெயர் எழுதிய டியூப்லைட்டைப் பார்த்த எவருக்கும் விளக்கம் தேவையில்லை.

கம்பெனியே ஒரு சிக்கலைக் கொடுத்து, அதைத் தீர்க்க மட்டும் செலவு செய்தால்? மழைமூட்ட நாளில் ஜவ்வரிசி களத்தில் காயவில்லை, உலர்த்தி ஒன்று வடிவமைத்துக் கொடுங்கள் என்று ஓர் ஆலை கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதற்குக் கோயிலிலேயே சொல் உண்டு: ‘கட்டளை’. இன்ன பூசைக்கு என்று எழுதி வைத்த பணம் வேறெதற்கும் போகாது. அந்த ஆலையைக் ‘கட்டளை நிறுவனம்’ என்பது என் பரிந்துரை. கொஞ்சம் அதிகார வாடை அடிக்கும், பழகினால் போய்விடும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. சொல் தவறினால் பணமே நின்றுபோகும். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவில் வரும் நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். கல்வி வளர்ச்சி அதில் சேரும். ஆனால் தன் பொருளுக்கோ சேவைக்கோ விளம்பரப் பயன் தேடிச் செய்யும் ஸ்பான்சர்ஷிப் அந்தக் கணக்கில் சேராது என்று 2021இல் திருத்திய விதி தெளிவாகச் சொல்கிறது. ஆகவே அந்த நிதியைக் கேட்டுப் போகும் கடிதத்தில் ‘ஸ்பான்சர்’ என்று எழுதி, கீழே லோகோ அளவுப் பட்டியலையும் இணைத்தால் நீங்களே கதவைச் சாத்துகிறீர்கள். சிறு பட்டறைகளுக்கு இந்தக் கணக்கே வராது. அவர்களிடம் நேராக உபயம் கேட்கலாம்.

உபயத்திலும் ஒரு பள்ளம் உண்டு. மாணவர்களே கரடுமுரடான பாதைக்கு வண்டி செய்து ஓட்டும் பாஹா போட்டியில், ஓட்டுநரைச் சுற்றிக் காக்கும் ரோல்கேஜ் கூண்டின் குழாய்க்கு வெகுகாலமாக உள்ள அடிப்படை அளவு 25 மி.மீ. வெளிவிட்டம், 3 மி.மீ. சுவர், குறைந்தது 0.18 சதவீதக் கார்பன். சேலம் ஸ்டெயின்லெஸ் ஊர் ஆயிற்றே, யாராவது 304 ரக ஸ்டெயின்லெஸ் குழாயைச் சும்மா தர முன்வந்தால் கை நீளும். அதில் கார்பன் 0.08ஐத் தாண்டாது, சோதனையில் நிற்காது. சரியான உருக்கே கிடைத்தாலும் உருக்காலை தரும் மில் சர்டிபிகேட் இல்லாவிட்டால் கார்பனை எதைக் காட்டி நிரூபிப்பது? குழாயில் உள்ள ஹீட் நம்பரும் (எந்த உருக்குத் தொகுதி என்று காட்டும் எண்) சர்டிபிகேட்டில் உள்ளதும் ஒன்றா என்று இறக்கும்போதே பாருங்கள், அறுத்தபின் எண் இருந்த துண்டு கழிவுக்குப் போயிருக்கும். எடையும் கவனம். 25×3 குழாய் மீட்டருக்குச் சுமார் 1.63 கிலோ. பல அணிகள் தேடும் 29.2×1.65 அளவு 4130 ரக உலோகக்கலவை உருக்குக் குழாய் 1.12 கிலோ. 30 மீட்டர் போனால் 15 கிலோ வித்தியாசம், அதுவும் எல்லா அணிக்கும் ஒரே எஞ்சின் இருக்கும் போட்டியில். இலவசக் குழாய் சில சமயம் விலை அதிகம்.

கட்டளைத் திட்டத்தில் சண்டை வருவது முடிவில். செய்த எந்திரம் ஆலைக்கா, கல்லூரி ஆய்வகத்துக்கா? அறிக்கை நூலகத்துக்குப் போகலாமா? கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை எண்ணம் இருந்தால் அறிக்கை வெளியாகும் முன் தற்காலிக விண்ணப்பமாவது போட்டுவிட வேண்டும், முழு விண்ணப்பத்துக்கு அதிலிருந்து 12 மாதம் உண்டு. இதையெல்லாம் தொடக்கக் கடிதத்திலேயே எழுதுங்கள், பொருள் எந்தத் தேதிக்குள் வரும் என்பதையும் சேர்த்து.

வினைச்சொல்லுக்கு ‘ஸ்பான்சர் பண்ணினார்’ வேண்டியதில்லை. ‘செலவை ஏற்றார்’ போதும். வேரில் இருந்த பொறுப்பு அந்த ‘ஏற்றார்’ என்பதில் அப்படியே இருக்கிறது. பலகையில் எழுதும்போது ‘உலர்த்திச் செலவு: இன்ன ஆலை ஏற்றது. மோட்டார்: இன்னார் உபயம்’ என்று பிரித்து எழுதினால் யார் எதற்குப் பொறுப்பு என்று வெளித்தேர்வாளருக்கும் விளங்கும்.